பாறைப்பாசியின் பதில்

பன்னிரண்டு நாள் ஆயுள் கொண்ட நீலவரி வண்ணத்துப்பூச்சி நான்கு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டது: ‘வேண்டும்.’ பாறைப்பாசி இருபத்தொன்பது நாளாக ஒன்றும் சொல்லவில்லை.

விழைமானி என்ற கருவி கேட்பது ஒரே கேள்விதான்: இருக்க வேண்டுமா? உயிரின் மின்துடிப்பைப் படித்து அது பதிலைச் சொல்லாக்கும். பொய் அதனிடம் செல்லாது. குன்றின் மேல் மூடுபனியைப் பிடிக்கும் பனிவலைகளில் சேரும் நீர், குடியிருப்பின் முந்நூறு பேருக்குப் போக, இன்னும் ஓர் உயிரினத்துக்குத்தான் போதும்: பூச்சிக்கு, அல்லது பாசிக்கு. கேட்கப்பட்ட உயிர் பதில் தரும்வரை அதற்கு நீர் கிடையாது. முப்பது நாள் கடந்தால் என்றுமே கிடையாது.

பதினேழு வருடங்களாக அந்தப் பாசியையே கவனித்து வந்த தயாபரன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரும் அதிகம் பேசுகிறவர் அல்ல.

“என்ன சார், உங்க ஆளு இன்னும் வாயத் திறக்கலையா?” என்றபடி வந்தார் ஆய்வு நிலையத் தலைவி அமலோற்பவம். “நல்ல ஜோடிதான் போங்க.”

“இன்னும் ஒரு நாள் இருக்கு மேடம்.”

“பூச்சி பறக்குது, பூ தேடுது, முட்டை வைக்குது. அதுக்கு வாழணும்னு ஆசை. இது சும்மா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு.”

“நாலு வருஷம் காய்ஞ்சு கிடந்து, ஒரே தூறல்ல பச்சையானத நான் பார்த்திருக்கேன். ஆசை இல்லாமலா?”

மறுநாள் பிற்பகல். வண்ணத்துப்பூச்சிக்கு நீர் ஒதுக்கும் உத்தரவில் கையெழுத்திடத் தயாபரன் பேனாவைத் திறந்தபோது விழைமானியின் திரை ஒளிர்ந்தது. பாசி பேசியிருந்தது: ‘கேட்கிற நீங்கள், இருக்க விரும்புகிறீர்களா?’

விழைமானிக்கு எல்லா உயிரும் ஒன்றுதான். இப்போது கேட்கப்பட்டவர்கள் மனிதர்கள்; பதில் வரும்வரை குடியிருப்பின் குழாயை அது அடைத்தது.

“இதென்ன கூத்து! நம்ம சார்புல யாராவது ஒருத்தர் சொன்னா போதும். சொல்லிடுங்க சார்,” என்றார் அருகில் நின்ற அமலோற்பவம்.

தயாபரன் உள்ளங்கையை விழைமானியின் தகட்டில் வைத்தார். “வேண்டும்,” என்றார்.

திரையில் எழுத்து வரவில்லை. கண்களை மூடி, தான் எதற்காக நாளை எழுந்திருக்கப் போகிறோம் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தார். கால் மணி நேரம் போயிற்று. கீழே தெருவில் காலிக் குடங்களோடு ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

“மெஷின்தான் கெட்டுப்போச்சு,” என்றார் அமலோற்பவம்.

தயாபரன் கையை எடுத்தார். சட்டை நுனியால் தகட்டைத் துடைத்து அமலோற்பவத்தின் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க வைங்க மேடம்.”

அமலோற்பவம் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைகளுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டார்.