சிமெண்ட் பூசிய சுவர்

வெளியே ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. மலையைக் குடைந்து கட்டிய குகை வீட்டுக்குள் கால் வைத்ததும் கிணற்றில் இறங்கினாற்போலக் குளிர்ந்தது.

காசில்டா பெட்டியை இறக்கினாள். பார்சிலோனாவில் முப்பது வருஷம் ஓட்டல் விரிப்புகளைத் துவைத்தவள். இருந்த ஒரே ஃபிளாட்டையும் விற்றுத்தான் இந்த நான்கு அறைகளையும் வெளியே நிற்கும் பாதாம் தோப்பையும் வாங்கியிருந்தாள். திரும்பிப் போக இடமில்லை.

கடைசி அறையில் ஈர வாடை. சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எந்த முட்டாள் குகைச் சுவருக்கு சிமெண்ட் பூசினான்? சுண்ணாம்புதானே அடிக்கணும்! மண்ணு மூச்சு விட வேண்டாமா?"

தரகர் ஃபெர்மின் வாசலைத் தாண்டவில்லை. "புதுப்பிச்சப்போ பூசினது, டோன்யா காசில்டா. அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுடுங்க."

"ஏன், உங்க மாமியாரை உள்ளே வெச்சிருக்கீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "முன்னே மூணு பேர் வாங்கினாங்க. ஒருத்தரும் ஒரு வாரம் தாண்டல."

"இதை இப்பத்தான் சொல்றீங்களா?"

"நீங்க கேக்கலையே."

டொக்.

சுவருக்குள்ளிருந்து.

டொக். டொக்.

காசில்டாவுக்குத் தெரிந்த சத்தம். இதே பள்ளத்தாக்கில், இதே போன்ற குகையில் பிறந்தவள் அவள். தம்பியோ தங்கையோ பிறந்தபோதெல்லாம் அப்பா பிக்காசால் புது அறை குடைவார். ஆனால் அவர் வீட்டிலிருந்து மலைக்குள் குடைந்தார்.

இது மலைக்குள்ளிருந்து வீட்டை நோக்கி வந்தது.

வெளியே ஃபெர்மினின் கார் சீறிக் கிளம்பியது.

அவள் கால்களும் ஓடத்தான் துடித்தன. ஓடி எங்கே போவது?

தோப்புக் கொட்டகையிலிருந்து பிக்காசைக் கொண்டுவந்தாள். ஓங்கி ஒரு போடு. உள்ளிருந்தும் ஒரு போடு. சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

திடீரென்று உள்ளே நிசப்தம்.

பிக்காசு வெறுமையில் பாய்ந்தது.

செல்போன் வெளிச்சத்தில் சின்ன அறை ஒன்று தெரிந்தது. கதவில்லை, ஜன்னலில்லை. சுவர்களில் அப்போதுதான் அடித்த சுண்ணாம்பு, சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு." குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "பத்திரம் என் பேர்ல. அந்த அறையை நீ வெச்சுக்க. ஆனா நான் போற ஆள் இல்ல."



குகை அறைகளுக்கு ஏது கதவு? பெட்டியிலிருந்த தடித்த திரைச்சீலையை எடுத்து, பாதித் திறப்பு மறையும்படி ஆணியடித்து மாட்டினாள். காபி போடத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது.

திரை முழுதாக மூடியிருந்தது. அதன் ஓரத்தில், வெள்ளையாக, நான்கு விரல் தடங்கள்.

தடங்கள் இல்லை. விரல்கள்.

காசில்டா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?"

நான்கு விரல்களில் இரண்டு மெல்ல மடங்கின.