தழும்பில்லாத முதுகு

கனிமலரின் முதுகில் ஐம்பத்திரண்டு தழும்புகள் இருந்தன. எண்ணியது வடுமானி. எண்ணிய கையோடு அதை உரக்கச் சொன்னதும் அதுதான். திரைக்கு இந்தப் பக்கம் கூடத்தில் கேசரி தின்றுகொண்டிருந்த இருபது பேரும் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

"ஐம்பத்திரண்டா!" என்றார் ஒரு பெரியப்பா, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவர் மாதிரி.

திரைக்குப் பின்னால் கனிமலர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முதுகில் கதவு வைத்தது போல் திறக்கும் ரவிக்கை போட்டிருந்தாள். தூத்துக்குடித் தையல்காரர்கள் எல்லோரும் இப்போது இதைத் தைக்கிறார்கள், பெண் பார்க்கும் நாளில் மட்டும் போடுவதற்கு. பின்னால் நின்று சோப்புக்கட்டி அளவிலான வடுமானியை அவள் தோளிலிருந்து இடுப்புவரை நகர்த்திக்கொண்டிருந்தவள் டாக்டர் ராஜபுஷ்பம். மாப்பிள்ளையின் அம்மா, ஊரின் பெரிய தோல் மருத்துவர், இடக்கைக்காரி. வலது கையால் தாம்பூலம் வாங்குவாள், மற்ற வேலையெல்லாம் இடது கைதான்.

வடுமானி வந்தபோது நல்ல எண்ணத்தோடுதான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் முதுகுப் பருவுக்கு மருத்துவம் என்பது இருட்டில் கல் எறிவதுதான். மயிர்க்கால் அடைத்துக்கொள்கிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, கிருமி பெருகுகிறது, சீழ் பிடிக்கிறது. ஆழமாகப் பிடித்தால் தோலின் நார்கள் அறுந்துபோகின்றன. உடம்பு அவசர அவசரமாக அதைப் பூசி மூடுகிறது, அரைகுறைக் கொத்தனார் சுவரைப் பூசுகிற மாதிரி. அந்தப் பூச்சுதான் தழும்பு. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். எது அடைத்தது, ஏன் அடைத்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது. வியர்வையா, இறுக்கமான துணியா, மாத்திரையா, சுரப்பிக் கோளாறா? வடுமானி ஒவ்வொரு தழும்பின் நார்முறுக்கையும் படித்து, அது எந்த வயதில் வந்தது, எதனால் வந்தது என்று பிட்டுப்பிட்டு வைத்தது. காரணம் தெரிந்தால் விலக்கலாம். மிச்சத் தழும்பை நிரப்பி என்ற கருவி ஒரு மாதத்தில் மேடு பள்ளம் தெரியாமல் சமன் செய்துவிடும். எத்தனையோ பிள்ளைகள் கூச்சமில்லாமல் கடலில் குளித்தது இதனால்தான்.

ஆனால் நம் ஊரில் ஒரு கருவி நோய் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா? இரண்டாம் வருடமே ராஜபுஷ்பத்துக்கு ஒரு யோசனை உதித்தது. எந்த வயதில் எதனால் பரு வந்தது என்று தெரிந்தால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையே தெரிந்த மாதிரிதானே? காரணத்துக்கு ஏற்ப மதிப்பெண் போட்டாள். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேறும். கம்பெனி ஓடிவந்து அதைக் கருவிக்குள் சேர்த்துக்கொண்டது. தோல் பொருத்தம் என்று பெயர். பத்துப் பொருத்தம் பார்க்காத வீட்டில்கூட இதைப் பார்த்தார்கள். நிரப்பி வைத்து மறைத்தாலும் அடிநார் காட்டிக்கொடுத்துவிடும், தப்ப முடியாது. மாப்பிள்ளைகளுக்கு மட்டும் இது கிடையாது. ஆம்பிளைக்குத் தழும்பு அழகாம்.

ராஜபுஷ்பம் தன் மகன் லிங்கதுரைக்காக இதுவரை பதினோரு முதுகுகளைப் படித்துப் பதினொன்றையும் கழித்திருந்தாள். ஆறாவது பெண் கோவில்பட்டிக்காரி. சின்ன வயதில் சித்தி கரண்டியால் இழுத்த சூட்டுத்தழும்பு ஒன்றே ஒன்று அவள் முதுகில் இருந்தது. "அடி வாங்கின பிள்ளை நாளைக்கு அடிக்கும். அந்தக் குணம் தோலோட ஊறிப்போயிருக்கும்" என்று அந்தச் சபையிலேயே சொல்லிவிட்டு எழுந்துவந்தாள். பிறகு அந்த வாக்கியத்தை விளம்பரத் தாளில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாள்.

கனிமலர் பன்னிரண்டாவது. ஆனால் இவள் தரகர் கொண்டுவந்தவள் இல்லை. லிங்கதுரை வேலை பார்க்கும் கடல்நீர் ஆலையில் நீர்ச் சோதனை செய்கிறவள். நான்கு மாதமாக ஒரே மேசையில் சாப்பாடு. முப்பத்தொரு வயதில் முதன்முறையாக அவன் அம்மாவிடம், "எனக்கு இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லியிருந்தான். "முதுகு தேறட்டும், பார்ப்போம்" என்றாள் அவள்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் பெண் வீட்டார் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். லிங்கதுரை உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "அவனுக்குச் சின்ன வயசிலருந்தே அந்தப் புகை ஒத்துக்காது, அலர்ஜி" என்றாள் ராஜபுஷ்பம். கனிமலரின் அம்மா அன்னத்தாய் பதறிப்போய் பத்தியைத் தண்ணீரில் முக்கி அணைத்தாள். அப்பா இல்லாத பிள்ளையை இப்படிக் கண்ணுக்குள் வைத்து வளர்த்திருக்கிறாளே என்று எல்லோருக்கும் ராஜபுஷ்பத்தின் மேல் மதிப்பு கூடியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வடுமானி சொல்லிக்கொண்டே போனது. "நாற்பது தழும்புகள், வயது பதின்மூன்று முதல் பதினாறு. காரணம்: தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் பின்னல் வழியாக முதுகில் இறங்கி மயிர்க்கால்களை அடைத்தது."

"அய்யோ, உடம்புச் சூடு தணியட்டும்னு நான்தானே தினமும் வழிய வழிய வச்சு விட்டேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அன்னத்தாய்.

"ஒன்பது தழும்புகள். காரணம்: பருவை நகத்தால் கிள்ளியது. பிறர் நகம்."

"அதுவும் நான்தான்" என்றாள் அன்னத்தாய். கூடத்தில் சிரித்தார்கள்.

"மூன்று தழும்புகள், வயது பத்தொன்பது. காரணம்: மன உளைச்சல், தொடர்ந்து மூன்று மாதம். சிகிச்சை: காரணியை விலக்குக. பொருத்தம்: நூற்றுக்கு அறுபத்தொன்று."

தேறிவிட்டாள்! பெரியப்பா கேசரிக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார். வாசற்படியில் நின்ற லிங்கதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருங்க" என்றாள் ராஜபுஷ்பம், திரையை விலக்கிக்கொண்டு. "பத்தொன்பது வயசுல மூணு மாசம் அப்படி என்ன உளைச்சல்? யாரு அந்தப் பையன்?"

கனிமலர் ரவிக்கையை மூடிக்கொண்டு எழுந்தாள். "எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. மூணாவது மாசம் செத்துப்போனாங்க."

"அப்பான்னு கருவி சொல்லலியே. உளைச்சல்னுதானே சொல்லுது?"

"என்ன டாக்டரம்மா இப்படிச் சொல்லுதிய!" என்றாள் அன்னத்தாய். குரல் உடைந்துவிட்டது. "அவ அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளின பிள்ளை."

"நான் சொல்லல. தோல் சொல்லுது. தோல் பொய் சொல்லாது." இதை ராஜபுஷ்பம் முன்பு பதினோரு வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

கனிமலர் அழவில்லை. லிங்கதுரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை அவனுக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று கூடத்தின் நடுவுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். அவன் வெளியில் சட்டை கழற்றி யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனாலும் துண்டைப் போர்த்திக்கொள்வான்.

"என் முதுகு அவ முதுகை விட மோசம். எல்லாரும் பாருங்க. அவ தேறலன்னா நானும் தேறல."

"ஏல, சட்டையப் போடுல! சின்னதுல வந்த வேனல் கட்டித் தழும்பு, அதப் போய்ச் சபையில காட்டிக்கிட்டு!" ராஜபுஷ்பம் கத்தினாள். அதுவரை எந்த வீட்டிலும் அவள் குரலை உயர்த்தியதில்லை.

அவன் அவள் கையிலிருந்து வடுமானியைப் பிடுங்கி அன்னத்தாயிடம் கொடுத்தான். "நீங்க வச்சுப் பாருங்க அத்தை." தானாகவே அத்தை என்று வந்துவிட்டது. இருபது பேர் முன்னால் அம்மாவின் வாயை அடைக்க வேண்டும், கனிமலரைக் கட்ட வேண்டும். வேறு எதுவும் அவன் மனதில் இல்லை.

அன்னத்தாய் தயங்கித் தயங்கிக் கருவியை வைத்தாள்.

"இருபத்திரண்டு தழும்புகள், வயது பதினான்கு முதல் பதினெட்டு. காரணம்: வியர்வை, பள்ளிப் பை உரசல்."

"இவ்வளவுதானா!" என்று பெரியப்பா சிரித்தார். கனிமலர்கூடச் சிரித்தாள். ராஜபுஷ்பம் மட்டும், "போதும், எடுங்க" என்று இடது கையை நீட்டிக்கொண்டு வந்தாள். லிங்கதுரை குறுக்கே கை வைத்துத் தடுத்தான்.

"கீழடுக்கு. முப்பத்தொரு தழும்புகள், வயது நான்கு முதல் ஆறு. பரு அல்ல. கட்டி அல்ல. காரணம்: எரியும் ஊதுபத்தி முனை, தோலில் அழுத்திப் பிடித்தது. நான்கு வரிசை, சம இடைவெளி. அழுத்தியவர்: வயது வந்தவர். கை: இடது."

ராஜபுஷ்பத்தின் இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சிகிச்சை: காரணியை விலக்குக. பொருத்தம்: நூற்றுக்குப் பதினொன்று."

லிங்கதுரை சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த வாசனை மட்டும்தான் ஞாபகம். அது ஏன் தன்னை எல்லா வீட்டிலிருந்தும் வாசலுக்கு விரட்டியது என்று இப்போதுதான் தெரிந்தது. முப்பத்தொரு வயது ஆளுக்கு நாலு வயதுப் பிள்ளை மாதிரி உதடு நடுங்கியது.

அன்னத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "பாவி, பச்ச மண்ணை..." என்றாள். அவன் தோளில் கை வைத்தாள். வைத்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னதுதான் கொடுமை.

"தப்பா நினைக்காதிய தம்பி. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அடி வாங்கின பிள்ளை நாளைக்கு அடிக்கும்னு உங்கம்மாவே அச்சடிச்சுக் கொடுத்திருக்காவ. எங்க வீட்டுலயும் அந்தத் தாள் இருக்கு. எனக்கு இருக்கது ஒரே பொண்ணு."

லிங்கதுரை கனிமலரைப் பார்த்தான். அவள் அம்மா எதுவும் சொல்லட்டும், இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கனிமலர் கிட்டே வந்தாள். "உங்களுக்குக் கோவம் வருமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வராது."

"கை ஓங்கிருக்கியளா யார் மேலயாவது?"

"இல்ல. உனக்கே தெரியும் கனி. நாலு மாசமாப் பார்க்கியே."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். "தெரியும். ஆனா பதினொண்ணுன்னு சொல்லுதே" என்றாள்.

பத்து நிமிடத்துக்கு முன் இதே கருவி அவளுடைய செத்த அப்பாவைக் கள்ளக் காதலனாக ஆக்கியது. அப்போது அது பொய்யாகத் தெரிந்தது அவளுக்கு. அடுத்தவன் முதுகு என்றதும் அது வேதவாக்காகிவிட்டது. அவளைக் குறை சொல்லி என்ன? ஊரே அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் லிங்கதுரை கதவைச் சாத்தினான். "ஏம்மா?" என்றான்.

ராஜபுஷ்பம் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "தினமும் பாயை நனைச்சே. உங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. நான் காலேஜுக்கும் போகணும், உன் பாயையும் அலசணும். நீ நிறுத்தல." செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பிறகு நிறுத்திட்டேல்லா?" என்றாள்.

"அம்மா!"

"பழைய கதைடா அது. இன்னிக்கே நிரப்பி வச்சு விடுதேன், ஒண்ணும் தெரியாது. அடிநாரையும் சேர்த்து அழிக்கிற மாதிரி புதுசு வருதாம்."

அவன் அவள் பையைத் திறந்து வடுமானியை எடுத்தான். "உன் முதுகைக் காட்டு."

எத்தனையோ பெண்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்த அவளை ஒருவரும் இதுவரை உட்காரவைத்ததில்லை. அவள் பயந்துவிடுவாள், தயங்குவாள் என்று அவன் நினைத்தான். அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு சாவகாசமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

கருவி தோளிலிருந்து இடுப்புவரை போனது. திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அவன் மறுபடி நகர்த்தினான். இந்தக் கையால் என்னவெல்லாம் செய்திருக்கிறாள், எங்கேயாவது ஒரு புள்ளியாவது இருக்காதா என்று அழுத்தி அழுத்தித் தேடினான். பரு இல்லை, கீறல் இல்லை, உளைச்சல் இல்லை.

"தழும்பு: இல்லை. காரணம்: இல்லை. சிகிச்சை: தேவையில்லை. பொருத்தம்: நூற்றுக்கு நூறு."

கருவி வந்த நாளிலிருந்து யாரும் நூறு எடுத்ததில்லை. ராஜபுஷ்பம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். "பாத்தியால?" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லிங்கதுரை அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலைக் குடியிருப்புக்குப் போய்விட்டான். காரணியை விலக்கிவிட்டான் என்று வேண்டுமானால் சொல்லலாம். பதினொன்று என்ற மதிப்பெண் கூடவே போனது, ஆலையில் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட யாரும் வரவில்லை. கனிமலர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஆவணியில் எண்பத்துமூன்று எடுத்தவன் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைகளையும் படிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஊர் ராஜபுஷ்பத்தை ஒரு வாரம் பேசியது. பிறகு அவள் தன் நூற்றுக்கு நூறைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மருத்துவமனை வரவேற்பறையில் மாட்டினாள். அதோடு பேச்சு திரும்பிவிட்டது. இப்படித் தோல் உள்ளவளா அதைச் செய்திருப்பாள்? இடக்கைக்காரி ஊரில் இவள் ஒருத்திதானா? அந்தக் காலத்தில் பிள்ளை பார்க்க ஒரு ஆயா இருந்தாளே, அவள் முகமே சரியில்லை என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஆயா செத்துப் பத்து வருடமாகிறது.

இப்போதும் காலையில் அங்கே போனால் பார்க்கலாம். மகள்களைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்மார்கள் அந்தச் சட்டத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். "பாரு, இருந்தா இப்படி இருக்கணும்" என்று மகளிடம் சொல்கிறார்கள். பிறகு அவள் ரவிக்கையின் பின்கதவைத் திறந்துவிட்டு, திரைக்குப் பின்னால் அனுப்புகிறார்கள்.