பனிச்சீமாட்டியின் பெட்டி

நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 5.20.

பெட்டி திறந்தது. உள்ளே மோதிரம் இல்லை.

மோதிரம் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தாறு பனிக்கட்டித் துண்டுகள் கிடந்தன. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவை மினுங்கின. ஸ்டெபனி கைதட்டிச் சிரித்தாள்.

"ஓ மை கோட், உண்மையாவே ஐஸ் ஆக்கிப்போட்டா!"

அவளுக்குப் பக்கத்தில் நின்ற அபிஷன் சிரிக்கவில்லை. பேயறைந்தவன் போல நின்றான்.

"உது கேம் இல்லை," என்றான். "அதுக்குள்ள மோதிரம் இருந்தது. உனக்கு வாங்கின மோதிரம். இண்டைக்குக் கேக்கலாம் எண்டு..."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கல்யாணம் கேட்க வந்த இடத்தில் களவு. போதாக்குறைக்கு, கேட்க இருந்த கேள்வியை அவனே உளறியும் விட்டான்.

இது நடந்தது ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், ஒரு கார் ரயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் விளையாட்டு வீட்டில். படியேறி அதன் கதவைத் தாண்டினால் ரொறன்ரோ இல்லை. நகரத்தின் பெயர் இன்னும் யோர்க். மின்சாரத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. விக்டோரியா மகாராணி சாக மறந்துபோய் இன்னும் சிம்மாசனத்தில் இருக்கிறார். பேய்கள் ஊருக்குள் தாராளமாக வசிக்கலாம், ஆனால் விசா எடுக்கவேண்டும். விசா இல்லாத பேய்களைத் தேடிப் பிடிப்பது மகாராணியின் ஆவி விசாரணைப் பிரிவு. காசு கட்டி வருகிற எல்லோரும் அந்தப் பிரிவின் அதிகாரிகள்.

இன்றைய வழக்கு பனிச்சீமாட்டி என்ற பேயைப் பற்றியது. அவள் தொட்டதெல்லாம் பனிக்கட்டியாகும். பாழடைந்த சேப்பலில், அதாவது சிற்றாலயத்தில், அவளுடைய இலக்கப் பூட்டுப் பெட்டி இருக்கும். மூன்று இலக்கங்களையும் கண்டுபிடித்துத் திறந்தால் வெற்றி. கைத்தொலைபேசி, மணிக்கூடு, கைப்பை எல்லாம் வாசலில் ஒரு லொக்கரில் வைத்துப் பூட்டப்படும். சுவர்க் கடிகாரமோ பன்னிரண்டில் செத்துக் கிடந்தது.

வந்த அதிகாரிகள் ஐந்து பேர். அபிஷனும் ஸ்டெபனியும். அபிஷனின் தாய் யோகராணி. ஸ்டெபனியின் தாய் அன்ரனெற். ஐந்தாவது ஆள் யோகராணியின் தமையன் நவரட்ணம்.

நவரட்ணத்துக்கு வேலை, கார் விபத்துக் காப்புறுதி விசாரணை. மனிசர் சொல்லுகிற கதைகளில் ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு. அந்த வீட்டில் கொடுத்த நீண்ட கறுப்புக் கோட்டு அவர் வயிற்றில் பூட்ட மறுத்தது. ஆனாலும் உயரத் தொப்பியைப் போட்டதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை.

இப்போது தொப்பியைக் கழற்றினார். அபிஷன் அவர் தூக்கி வளர்த்த மருமகன்.

"ஒருத்தரும் வெளியிலை போகவேண்டாம்," என்றார். "பேயைக் கூப்பிடுங்கோ."

5.24. பேய் வந்தது. வெள்ளை உடுப்பு, முகம் நிறையப் பவுடர். பெயர் துவாரகா. படித்துக்கொண்டே வார இறுதிகளில் இங்கே வேலை செய்கிற பிள்ளை. விசயத்தைக் கேட்டதும் பவுடருக்கு மேலாகக் கண்ணீர் கோடு கிழித்தது.

"மோதிரத்தை உள்ளை வைச்சது ஆர் பிள்ளை?"

"நான்தான் அங்கிள். நீங்கள் உள்ளை வரமுந்தி. அபிஷன் அண்ணா பாத்துக்கொண்டு நிண்டவர்."

"இலக்கம் ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் செரீனா அக்காவுக்கும். அவதான் ஓனர். இண்டைக்கு வரேல்லை."

"கமெரா?"

"இருக்கு. ரெக்கோட் ஆகாது. சேப்பல் பக்கம் திரை தொங்குறதாலை அங்க தெரியவும் தெரியாது."

"கதவு?"

"நான் வெளியாலை பூட்டினது. ஒருத்தரும் போகேல்லை, வரேல்லை."

அபிஷன் பொறுமை இழந்தான். "இலக்கம் தெரிஞ்சது இவவுக்கு மட்டும்தானே மாமா? பொலிசுக்கு அடிப்பம்."

"அண்ணா, நான் எடுக்கேல்லை!" துவாரகாவின் குரல் உடைந்தது. "பொலிஸ் வந்தா எனக்கு வேலை மட்டுமே போகும்? ஆர் பிறகு என்னை நம்புவினம்?"

"அண்ணை," என்று குறுக்கே வந்தார் யோகராணி, "இப்ப எத்தினை மணி?"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். விளையாட்டுக்கு நடுவிலும் அவர் இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டெபனியின் முகம் மாறியது. "அன்ரி, மோதிரம் துலைஞ்சு போச்சு. நீங்கள் ரைம் கேக்கிறீங்கள். என்னை உங்களுக்குப் பிடிக்காட்டி ஸ்ட்ரெயிட்டாச் சொல்லியிருக்கலாம். நாங்கள் வேதம், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், நீங்கள் சைவம், அதுதானே?"

"ஐயோ பிள்ளை, நான்..." யோகராணி கதவுப் பக்கம் பார்த்தார்.

அன்ரனெற் எழுந்து மகளின் கையைப் பிடித்து அழுத்தினார். அவரால் பேச முடியாது. தேவாலயப் பாடகர் குழுவின் முதற்குரல் அவர். தவக்காலத்தில் சிலுவைப்பாதையை முன்னின்று நடத்துபவரும் அவரே. காலைப் பூசையில் பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. வந்ததிலிருந்து சைகைதான். தோளில் கறுப்புச் சால்வை, கையில் செபமாலைப் பை. ஒரு பக்கக் கன்னம் சற்றுப் புடைத்திருந்தது.

நவரட்ணம் அந்த அறையைப் பார்த்தார். களவு போனது மோதிரம் மட்டுமல்ல என்று அவருக்குப் பட்டது. இன்னும் அரை மணித்தியாலம் இப்படியே விட்டால் கல்யாணமே களவு போய்விடும்.

5.29. அவர் பெட்டிக்குத் திரும்பினார். அறை நல்ல சூடு. ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி திறந்து இவ்வளவு நேரமாகியும் அந்தப் பனிக்கட்டிகள் உருகவில்லை. ஒன்றை எடுத்தார். முகர்ந்தார். வாய்க்குள் போட்டார்.

"மாமா! உது எவிடென்ஸ்!"

நவரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது.

"கற்கண்டு," என்றார்.

பிறகு சுவரைக் காட்டினார். பெட்டிக்கு மேலே மூன்று படங்கள் தொங்கின. ஒன்றில் ஒரு பெண் துணியை நீட்டுகிறாள். மற்றதில் ஒருவர் மரத்தைத் தோளில் வாங்குகிறார். மூன்றாவதில் ஒரு தாயும் மகனும் வழியில் சந்திக்கிறார்கள்.

"இலக்கம் உதுக்குள்ளை எப்படி வந்தது?"

"சிலுவைப்பாதை அங்கிள், இயேசு சிலுவையோடை போன வழி," என்றாள் துவாரகா. "பதினாலு தலம் இருக்காம். எனக்கும் செரீனா அக்கா சொல்லித்தான் தெரியும். துணி நீட்டுறது ஆறாந் தலம். மரத்தை வாங்குறது ரெண்டு. தாயைச் சந்திக்கிறது நாலு. ஒருத்தரும் கண்டுபிடிக்காததாலை கடைசியா நான் வெளியிலை நிண்டு சுவர்க் குழாய்க்குள்ளாலை ஹின்ற் சொன்னனான்."

"கண்டுபிடிச்சது?"

"நான்தான்," என்றாள் ஸ்டெபனி. "கத்தோலிக்க ஸ்கூல்ல படிச்சனான், ஆனா ஓடர் ஞாபகம் இல்லை. முதல் அம்மாட்டைக் கேட்டனான். அவ தொண்டையைக் காட்டி, தெரியாது எண்டு தலையை ஆட்டினவ. ஹின்ற் வந்த பிறகு விரல் விட்டு எண்ணித்தான் பிடிச்சன்."

நவரட்ணம் மெல்லத் தலையாட்டினார். வாசல் லொக்கரிலிருந்து தன் மணிக்கூட்டை மட்டும் எடுத்துவரச் சொன்னார். பார்த்தார். 5.34. இன்றைக்கு என்ன கிழமை என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்தது.

"ஆர் எடுத்தது எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "துவாரகா எடுக்கேல்லை. என்ர தங்கச்சியும் எடுக்கேல்லை. மோதிரம் இந்த அறைக்குள்ளைதான் பத்திரமாக் கிடக்கு. துவாரகா, நீர் அழாமல் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும்."

"அப்ப சொல்லுங்கோவன் மாமா!"

"சொல்லுறதுக்கு இன்னும் நேரம் வரேல்லை."

அதற்குப் பிறகு நவரட்ணம் செய்த விசாரணையை எந்தக் காப்புறுதி நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. அறையைக் காலடியால் அளந்தார். திரையைத் தூக்கித் தூசி தட்டினார். அபிஷனைக் கூப்பிட்டு மோதிரம் வாங்கிய கடையில் எந்தப் பக்கம் கார் விட்டான் என்று கேட்டார். ஸ்டெபனியிடம் பனிக்கட்டியைப் பார்த்ததும் முதலில் சிரித்தாளா, முதலில் கைதட்டினாளா என்று கேட்டார். தேத்தண்ணீர் வந்தது. ஊதி ஊதி, மிடறு மிடறாகக் குடித்தார். அபிஷன் பல்லைக் கடித்தான். அன்ரனெற் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போகப் போக அவருடைய முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

6.00. நவரட்ணம் மணிக்கூட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"இனி எடுங்கோ, அன்ரனெற்," என்றார்.

அன்ரனெற் செபமாலைப் பையைத் திறந்தார். மோதிரம் அதற்குள் இருந்தது.

"அம்மா!" ஸ்டெபனி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"கள்ளன் பெட்டியை வெறுமையா விட்டிட்டுப் போவான்," என்றார் நவரட்ணம். "பக்கத்து வீட்டுக்காரி தந்த கோப்பையைத் திருப்பிக் குடுக்கேக்கை வெறுங்கோப்பையா ஆரும் குடுப்பினமே? ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்பம். மோதிரப் பெட்டி வெறுமையாக் கிடக்கக்கூடாது எண்டு நினைக்கிற ஆள் எதிரி இல்லை. ஆசீர்வாதம் பண்ணுற ஆள். அப்ப ஆர்? பாட்டுக்காரரின்ர வாயிலை தொண்டைக்கு என்ன கிடக்கும்? கற்கண்டு. இவவின்ர கன்னம் வந்த நேரம் தொடக்கம் புடைச்சுக்கொண்டுதான் இருந்தது."

"ஆனா பூட்டு இலக்கம்?" என்றான் அபிஷன்.

"அதுதான் நாங்கள் எல்லாரும் கோட்டை விட்ட இடம். வருசா வருசம் சிலுவைப்பாதை சொல்லுறவ அந்தப் படங்களுக்கு முன்னாலை நிண்டு, தெரியாது எண்டு தலையாட்டினவ. தொண்டைதான் கட்டினது, விரல் கட்டேல்லையே. ஆறு, ரெண்டு, நாலு எண்டு விரலாலை காட்டியிருக்கலாம். முதலாவதாச் சொல்லவேண்டிய ஆள் சொல்லேல்லை எண்டால், அவ எங்களுக்கு முதலே திரைக்குப் பின்னாலை பெட்டியைத் திறந்திட்டா எண்டுதான் அர்த்தம்."

"ஏன் அம்மா?" ஸ்டெபனிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்ரனெற் தொண்டையைச் செருமிக்கொண்டு கரகரத்த குரலில் பேசினார். "மோதிரம் பெட்டிக்குள்ளை வரும் எண்டு அபிஷன் எங்கள் ரெண்டு பேருக்கும் முதலே சொன்னவன். போன கிழமை யோகாக்கா போன் எடுத்தவ. ஆறு மணிக்கு மாத்தேலாதோ எண்டு கேட்டா. ஏன் எண்டு சொல்லேல்லை. எனக்கு விளங்கிச்சுது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலை இருந்து ஆறு மட்டும் இராகுகாலம். ஊரிலை எங்கட அக்கம்பக்கம் முழுக்கச் சைவ ஆக்கள், எனக்குத் தெரியாதே? இஞ்ச வேற நேரம் கிடைக்கேல்லை. அபிஷனுக்குச் சொன்னால் தாயோடை சண்டை பிடிப்பான். எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை. ஆனா அக்காவுக்கு இருக்கு. நாளைக்குப் பிள்ளையளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அவவுக்கு இந்த நேரம்தான் ஞாபகம் வரும். அந்த முள்ளு அவவின்ர மனசிலை ஏன் கிடக்கவேணும்? ஆறு மணிக்குப் பிறகு நானே கண்டுபிடிச்ச மாதிரிக் குடுப்பம் எண்டு நினைச்சன். உந்தப் பிள்ளையிலை பழி விழும் எண்டு நினைக்கேல்லை. சொல்ல வாயெடுக்க, அண்ணை மணிக்கூட்டைப் பாத்திட்டுச் சிரிச்சார். அவருக்கு விளங்கீட்டுது எண்டு பேசாமல் இருந்திட்டன். துவாரகா, என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

நவரட்ணம் தன் திறமையை எண்ணித் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்போது யோகராணி சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இராகுகாலமோ? அடி ஆத்தை! நாலரை ஆறு எண்டது ஊர்க் கணக்கு. இஞ்ச நவம்பரிலை அஞ்சு மணிக்கு முன்னமே பொழுது பட்டுப்போகும். பொழுதோடை ஞாயிறு இராகுகாலமும் முடிஞ்சுபோகும். கோயில் கலண்டரிலை இந்த ஊர் நேரம் வடிவாப் போட்டுக் கிடக்கு. பெட்டி திறந்தது நல்ல நேரத்திலைதான்."

நவரட்ணத்தின் தொப்பி மெல்லக் கீழே இறங்கியது. மிடறு மிடறாகக் குடித்த தேத்தண்ணீர் அத்தனையும் வீண்.

"அப்ப ஏன் ஆறு மணி?" என்று கேட்டார்.

"கேக்!" என்றார் யோகராணி. "கீழை, ரயர் கடைக்குப் பக்கத்து பேக்கரியிலை ஓடர் குடுத்தனான். ஆறு மணிக்குத்தான் தருவம் எண்டவை. ஸ்டெபனிக்கு நட்ஸ் ஒத்துக்கொள்ளாது எண்டு அபிஷன் சொன்னவன். அதுக்காகத் தட்டு, கரண்டி எல்லாம் புறம்பாக் கழுவிச் செய்யச் சொன்னனான். திடீரெண்டு காட்டுவம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுதான் மணி மணி எண்டு கேட்டுக்கொண்டு நிண்டது."

அபிஷன் முதலில் துவாரகாவிடம்தான் போனான். "நான் யோசிக்காமல் கதைச்சிட்டன். பெரிய பிழை," என்றான். அவள் மூக்கை உறிஞ்சி, பவுடர் கலைந்த முகத்தோடு தலையாட்டினாள். மோதிரத்தை அன்ரனெற்றிடமிருந்து வாங்கிக்கொண்டு அவன் திரும்பியபோது ஸ்டெபனி இருந்த இடத்தில் இல்லை.

அவள் யோகராணியின் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"சொறி மாமி," என்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி."

அன்ரி, மாமி ஆகிவிட்டார். அதைக் கேட்டு எல்லோரும் அபிஷனைப் பார்த்தார்கள். அவன் மோதிரத்தைப் பிடித்தபடி நின்றான்.

"நான் இன்னும் கேக்கவே இல்லை," என்றான் பரிதாபமாக.

"அப்ப கேளன்," என்றார் நவரட்ணம்.

கேட்டான். யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் தடக்கி, எப்படியோ கேட்டு முடித்தான். ஆனால் ஸ்டெபனியால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு சம்மந்திகளும் பெட்டியில் கிடந்த கற்கண்டை ஆளுக்கொன்றாக எடுத்து அவள் வாய்க்குள் போட்டிருந்தார்கள். அவள் இரண்டு கன்னமும் புடைத்திருக்க, சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.