ஒன்பது பச்சை டிக்

புதிர் போடுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. விடை எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற திமிர். அந்த வாரம் ராக்கெட்டுக்கு அது உச்சந்தலை வரைக்கும் ஏறியிருந்தது.

ராக்கெட் என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு வீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ‘மூளைக்கு வேலை’ என்று ஆன்லைனில் ஒரு குழு நடத்துகிறார். பிள்ளைகளும் சேரலாம், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சேரலாம். ஆனால் டீச்சரைத் தவிர எல்லோரும் பட்டப்பெயரில்தான் வர வேண்டும். எந்தப் புதிர் வந்தாலும் சட்டென்று விடை கண்டுபிடித்துவிடுவதால் இவள் ராக்கெட்.

திங்கட்கிழமை புதிர் வரும். விடை கண்டுபிடித்தவர்கள் அதைப் போட்டு உடைத்துவிடக் கூடாது. புதிருக்குக் கீழே ஒரு பச்சை டிக் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புதிர் போட்டவரே விடையை விளக்கி எழுதுவார். இதுதான் குழுவின் வழக்கம்.

இந்த வாரப் புதிர் ராக்கெட்டுடையது. அவளே உட்கார்ந்து யோசித்த முதல் புதிர்! ஒரு சுவரில் வரிசையாக ஏழு ஆணிகள், ஏழு குடைகள். எந்தக் குடை யாருடையது? பதினோரு குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதன்கிழமைக்குள் ஐந்து டிக். வெள்ளிக்கிழமை ஒன்பது. அம்மாவின் போனை வாங்கி வாங்கி டிக்குகளை எண்ணிப் பார்த்தாள் ராக்கெட். அவளுடைய அண்ணன் போட்ட டிக்கும் அதில் ஒன்று. குழுவில் அவன் பெயர் சிங்கம்.

ஒருவர் மட்டும் திணறிக்கொண்டிருந்தார். அவர் பெயர் நத்தை. சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு டிக் கூடப் போட்டதில்லை. வியாழக்கிழமை அவர் எழுதினார்:

“எப்படிப் பார்த்தாலும் டாக்டர் குடை இடது ஓரத்துல வருது. ஆனா தபால்காரர் குடை அதுக்கும் இடப்பக்கம்னு நாலாவது குறிப்பு சொல்லுது. அங்க சுவர்தானே முடியுது? நான் எங்க தப்பு பண்றேன்?”

ராக்கெட் யோசிக்கவே இல்லை. விரல் பறந்தது.

“குடையை மட்டும் மாட்டினா போதாது, கொஞ்சம் மூளையையும் மாட்டிப் பாருங்க!”

பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நத்தை பதில் எழுதவில்லை. ராக்கெட் அன்றைக்கு முழுக்க அந்தப் பதினோரு பொம்மைகளையும் திறந்து திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, விடையை எழுத நோட்டை விரித்தாள். அம்மா திங்கட்கிழமை வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சோபாவில் தலைகீழாகப் படுத்திருந்தான்.

முதல் குறிப்பு சரி. இரண்டு, மூன்று சரி. டாக்டர் குடை இடது ஓரம். நாலாவது குறிப்பு... தபால்காரர் குடை...

“என்னடா இது?” என்று ராக்கெட் நோட்டைப் பார்த்துக் கேட்டாள்.

அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் தபால்காரர் குடை சுவரைத் தாண்டிப் போய் நின்றது. மூன்றாவது தடவையும் அதே கதை. ‘ஒன்பது பேர் விடை கண்டுபிடிச்சிருக்காங்களே, அப்ப புதிர் சரியாத்தான் இருக்கணும்’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு நோட்டில் முந்தின பக்கத்தைப் புரட்டினாள்.

முதலில் அவள் டாக்டர் குடையை வலது ஓரத்தில்தான் வைத்திருந்தாள். ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று வரிசை முழுவதையும் இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். எல்லாக் குறிப்புகளையும் அதற்கு ஏற்றபடி மாற்றினாள். நாலாவது குறிப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள்.

இந்தப் புதிருக்கு விடையே கிடையாது!

நத்தை சொன்னது சரி. அப்படியே, அட்சரம் பிசகாமல் சரி. அவரைத்தான் முப்பது பேருக்கு முன்னால் மூளை இல்லாதவர் என்று கிண்டல் செய்திருக்கிறாள். ராக்கெட்டுக்குக் காது இரண்டும் சுட்டது. நோட்டை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

“முகத்துல என்ன நோட்டு?” என்றாள் அம்மா.

“வெளிச்சம் கண்ணைக் கூசுதும்மா.”

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் ‘டிங்’ என்றது. நத்தைதான்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் ரொட்டிக்கடையில அடுப்பு பார்க்கிறவன். அஞ்சாவதோட படிப்பை நிறுத்திட்டேன். பொண்ணு ஆசைப்பட்டாளேன்னு சேர்ந்தேன். ஒன்பது பேர் போட்டது எனக்கு மட்டும் அஞ்சு நாளா வரல. அப்பாவுக்கு இதெல்லாம் ஏறாதும்மான்னு அவகிட்ட சொல்லிட்டேன். ஆறு மணிக்கு விடையைப் பார்த்துட்டுக் குழுவை விட்டுக் கிளம்பறேன்.”

ராக்கெட் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது.

“அண்ணா,” என்றாள் மெதுவாக. “அந்தக் குடைப் புதிருக்கு நீ எப்படி விடை கண்டுபிடிச்ச?”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏன்?”

“அதுக்கு விடையே இல்ல. புதிரே தப்பு.”

அண்ணன் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

“பாதி வரைக்கும் போட்டேன்,” என்றான். “மீதி தானா வந்துடும்னு...”

“டிக் போட்டியே!”

“ஏற்கெனவே ஆறு பேர் போட்டிருந்தாங்க. நான் மட்டும் போடலன்னா அசிங்கமா இருக்காதா? சிங்கம்னு பேரை வேற வச்சுத் தொலைச்சிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? சத்தமில்லாம நாலாவது குறிப்பைத் திருத்திடு. ஒரே ஒரு வார்த்தைதானே? யாருக்குத் தெரியப்போகுது?”

உண்மைதான். ‘இடப்பக்கம்’ என்பதை ‘வலப்பக்கம்’ என்று மாற்றினால் போதும். டிக் போட்ட யாரும் மூச்சு விட மாட்டார்கள். ராக்கெட்டின் விரல் திருத்தும் பொத்தான் வரைக்கும் போனது.

“அப்ப அந்த ரொட்டிக்கடை மாமா?” என்று கேட்டாள்.

அண்ணன் மறுபடியும் சோபாவில் சாய்ந்துகொண்டான்.

மணி ஐந்தே கால். ராக்கெட் எழுதினாள், அழித்தாள். ‘ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதினாள். சின்னத் தவறா? அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதையும் அழித்தாள். கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இதை அனுப்பினாள்:

“என் புதிர் தப்பு. நாலாவது குறிப்புல வலப்பக்கம்னு இருக்கணும். நான் போட்டபடி பார்த்தா அதுக்கு விடையே கிடையாது. நத்தை மாமா, சுவர்தான் வருதுன்னு நீங்க வியாழக்கிழமையே சரியா சொன்னீங்க. நான் நோட்டை எடுத்துக்கூடப் பார்க்காம உங்களைக் கிண்டல் பண்ணினேன். ரொம்ப வெட்கமா இருக்கு. மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு போகாதீங்க.”

போனைச் சோபாவில் குப்புறப் போட்டாள். குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எப்போதும் கலகலவென்று இருக்கும் குழு கப்சிப்பென்று ஆகிவிட்டது.

“எல்லாரும் என்னைத் திட்டப் போறாங்க,” என்றாள்.

அண்ணன் போனை எடுத்துப் பார்த்தான். “திட்டலை. இங்க வந்து பாரு.”

ஒன்பது டிக் எட்டாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு ஏழானது. யாரோ பூனை நடை நடந்து வந்து தன் டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆறு. ஐந்து. அண்ணன் தன் போனை எடுத்து ஏதோ தட்டினான். நான்கு.

“நான் ஒண்ணும் பண்ணல,” என்றான். அவன் முகம் சிவந்திருந்தது.

மூன்று. இரண்டு. கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. யாருடையது என்று ராக்கெட் தொட்டுப் பார்த்தாள். கணக்கு டீச்சருடையது!

அதுவும் காணாமல் போனது. உடனே டீச்சர் எழுதினார்:

“பரீட்சைப் பேப்பர் திருத்தற அவசரத்துல பார்க்காமலே டிக் போட்டுட்டேன். எனக்குத்தான் முதல்ல வெட்கமா இருக்கணும். நத்தை சார், என்னையும் மன்னிச்சிடுங்க. விடை நாளைக்கு ஆறு மணிக்கு. எல்லாரும் முதல்லேர்ந்து போடுங்க. இந்தத் தடவை நிஜமா!”

இப்போது புதிருக்குக் கீழே ஒரு டிக் கூட இல்லை. ராக்கெட் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நத்தையிடமிருந்து பதிலே வரவில்லை. கிளம்பிவிட்டாரோ? உறுப்பினர் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவர் பெயர் இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள். இருந்தது.

ஆறு மணி அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். புதிருக்குக் கீழே ஒரு பச்சை டிக் முளைத்தது.

“யாரு? யாரு?” என்று அண்ணன் எட்டிப் பார்த்தான்.

நத்தை! அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். மீதியை எல்லாம் அவர் அஞ்சு நாளாகச் சரியாகவே போட்டு வைத்திருந்தார்.

கீழே அவர் எழுதியிருந்தார்: “வந்துடுச்சு. பக்கத்துல என் பொண்ணு குதிக்கிறா. நான் எங்கேயும் போகல.”

ராக்கெட் சிரித்தாள். ஆனால் காதில் சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை. பதினோரு சிரிப்புப் பொம்மைகளும் வியாழக்கிழமைப் பக்கத்தில் அப்படியேதான் இருந்தன. அவற்றை இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படியாகவே கேட்டாள்:

“நத்தை மாமா, என் அடுத்த புதிரைக் குழுவுல போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துத் தருவீங்களா?”

பதில் வர நேரமானது. ஒற்றை விரலால் அடிக்கிறார் போலிருக்கிறது.

“தர்றேன்மா. ஆனா நான் ரொம்ப மெதுவாத்தான் பார்ப்பேன். பரவாயில்லையா?”

“எனக்கு அதுதான் மாமா வேணும்,” என்று எழுதினாள் ராக்கெட். அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை நிதானமாகப் படித்தும் பார்த்தாள்.