நேராக நிற்காத ஸ்வரம்

அண்ணன் வீட்டுக் கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். அவள் இழுத்துத் திருப்பினாள். மதியம் மூன்று மணி. ஆறு மணிக்குள் இசையை அனுப்பியாக வேண்டும். படத்தின் இயக்குநர் காலையிலிருந்து இரண்டு முறை தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார். அண்ணன் செய்த கடைசி வேலை அது.

அவன் போய்ப் பதினோரு நாள். எப்படி இருக்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொய்யில்லை. மேசை நாற்காலி இருப்பதுபோல இருந்தாள்.

இசையறையில் ஜன்னலை அடைத்துச் சுவர் முழுக்க எதிரொலி தடுக்கும் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தான். கதவைச் சாத்தினால் பகலே கிடையாது. சூடேறிய தூசியும் வலித் தைலமும் கலந்த வாசனை. அவன் எதற்குத் தைலம் தடவினான் என்று அவளுக்குத் தெரியாது.

அவன் இறந்த அன்று கீழ் வீட்டுக்காரர்தான் போன் செய்தார். "ராத்திரியிலேர்ந்து தரையெல்லாம் அதிருதும்மா. நிக்கவே மாட்டேங்குது." அவள் வந்து பார்த்தபோது அண்ணன் கீபோர்டின் மேல் கவிழ்ந்திருந்தான். அவன் விரல் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்ட பிறகே சத்தம் நின்றது.

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அடுத்தவர் இசையில் ஒட்டிய இரைச்சலைக் கறைபோலக் கழுவிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. படத்தின் முடிவில், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் மென்பொருள் ஒற்றை ஸ்வரத்தை இருபது நொடி பிடிக்கிறது. இழுத்துக் கட்டிய நூல்போல நேராக நிற்க வேண்டிய ஸ்வரம்.

அது ஆடியது.

அண்ணனோடு இருபது வருடம் வாசித்த நண்பரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். எப்போதும் கழுத்தில் கேபிள் தொங்குவதால் அவருக்குப் பெயரே ஒயர்தான்.

"ஒயர் அண்ணே, கடைசி ஸ்வரம் ஆடுது."

"எல்எஃப்ஓ போட்டு வச்சிருப்பான். அணைச்சுப் பாரு."

ஒலியைத் தானாகவே ஊசலாட்டும் பகுதி அது. மூன்று இருந்தன. மூன்றையும் அணைத்தாள். ஆடியது.

"கீபோர்டுல இடது பக்கம் ஒரு சக்கரம் இருக்கே, மாடுலேஷன் வீல். தூசி அடைஞ்சா அது பாட்டுக்கு ஆட்டும். பேசாம ஒயரைப் பிடுங்கிடு. என்னைச் சொல்லல."

அவள் சிரிக்கவில்லை. கீபோர்டின் கேபிளைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆடியது.

"அப்ப ஃபைல்லயே பதிவாயிருக்கு. அழிச்சிட்டு மவுஸால புதுசா வரைஞ்சிடு."

அழித்தாள். வெற்றுக் கோப்பில் புது சிந்தசைசரைத் திறந்து, ஒரே ஒரு ஸ்வரம் வரைந்தாள்.

ஆடியது.

கீபோர்டிலிருந்து என்ன வருகிறது என்று காட்டும் சின்ன ஜன்னலைத் திறந்தாள். கட்டையை அழுத்திய பிறகும் விரல் கொடுக்கும் கனத்தை அது எண்ணாகக் காட்டும். எதுவும் வரக் கூடாது. கேபிள் அவள் மடியில் கிடந்தது.

நாற்பது. அறுபத்திரண்டு. நாற்பத்தொன்று. அறுபத்திரண்டு.

"அண்ணே, யாரோ கட்டையை அழுத்திக்கிட்டிருக்காங்க."

"நொடிக்கு எத்தனை ஆட்டம்?"

"அஞ்சு."

ஒயர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி... அவன் கை அப்படித்தான் நடுங்கும். ஒரு வருஷமா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்."

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். மரத்துப்போன ஈறை நாக்கால் தடவுவது போலிருந்தது. இடம் இருந்தது, வலி இல்லை.

திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கீபோர்டைப் பார்த்தாள்.

ஒரு வெள்ளைக் கட்டை கீழே இறங்கியிருந்தது.

நடுங்கிக்கொண்டிருந்தது.

தைல வாசனை மிக அருகில் வந்தது. எழுந்து ஓடலாம் என்று நினைத்தாள். நினைப்பு காலுக்குப் போய்ச் சேரவில்லை. நகத்தைக் கட்டையின் விளிம்புக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினாள். தூக்க விடாமல் ஒரு கனம் அழுத்தியது.

"விடுண்ணா," என்றாள் மெல்ல. "அனுப்பணும்."

கனம் விலகியது. கட்டை டக்கென்று மேலே வந்தது. எண் பூஜ்யத்தில் நின்றது. ஸ்பீக்கரில் அந்த ஸ்வரம் கோடு கிழித்ததுபோல நேராக ஓடியது.

அந்த ஸ்வரத்தை அண்ணனின் கோப்பில் சேர்த்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து இருபதுக்கு அனுப்பினாள். விளக்கை அணைக்க எழுந்தாள். போனில் ஒயர் இன்னும் இருந்தார்.

"போயிடுச்சு அண்ணே. இப்ப சரியாயிடுச்சு."

"ஏம்மா அழற?"

"அழலயே."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"நான் அழல, அண்ணே."

இந்த முறை அந்த ஆட்டம் அவள் காதிலும் விழுந்தது. கடைசி எழுத்து அவள் வாயை விட்டுப் போகாமல் ஆடிக்கொண்டே நின்றது. கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. அழுத்தியது. தளர்ந்தது. அழுத்தியது.