இதே மாடல், இதே வீல்!

டமார்!

ரேஸ் ட்ராக்கின் கடைசி வளைவில் புழுதி எழும்பியது.

புழுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது காரல்ல... சக்கரம்!

தன்னந்தனியாக உருண்டு வந்து, ஷெட் வாசலில் நின்ற மெக்கானிக்கின் காலடியில் சுற்றிச் சுற்றி விழுந்தது.

"மச்சான்...!"

அலறிக்கொண்டு ஓடினான் மெக்கானிக்.

தடுப்புச் சுவரில் கார் தகர டப்பாவாக நசுங்கிக் கிடந்தது. உள்ளே மச்சானுக்கு மூச்சில்லை.

மெக்கானிக்கின் ஒரே தங்கையின் புருஷன்!

மத்தியானத்துக்குள் ஷெட் நிறைந்துவிட்டது. இன்ஸ்பெக்டரம்மா கான்ஸ்டபிளோடு வந்தார். காரைத் தயாரித்த கம்பெனியின் அதிகாரியும் வந்தார். கறுப்புக் கோட்டு, கசங்காத முகம். உடைந்த சக்கரத்தை எச்சில் இலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நடுப்பாகம் நட்டோட கார்லயே நிக்குது. ஸ்போக் எல்லாம் ஒடிஞ்சு, வெளி வளையம் மட்டும் டயரோட கழண்டு வந்திருக்கு. வீல் மேல தப்பில்ல மேடம். நட்டை முரட்டுத்தனமா முறுக்கினா இப்படித்தான் விரிசல் விழும்."

"முறுக்கினது யாரு?"

எல்லாக் கண்களும் மெக்கானிக் மேல்!

"நான்தாம்மா. அளவு ஸ்பேனர்லதான் முறுக்கினேன். இறுக்கம் சரியானதும் டிக்குனு சத்தம் வரும்; வந்ததும் நிறுத்திட்டேன்."

"டிக்குன்னுச்சா, மடக்குன்னுச்சா... யாரு கண்டா?" கோட்டு சிரித்தார்.

டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த தங்கை தலைநிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"மேடம்... போன வாரம் எங்க வீட்டு வாசல்ல நின்னு இவர் என்ன கத்தினார்னு கேளுங்க."

மெக்கானிக் பதறிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது ஏதோ கோவத்துல..."

"'இந்த ட்ராக் பைத்தியத்தை விடலேன்னா, நானே உன் காலை உடைச்சு உட்கார வெப்பேன்.' சொன்னியா இல்லையாண்ணே?"

"சொன்னேன்! நீ நல்லா இருக்கணும்னுதானேடி சொன்னேன்!"

"காலைத்தான் சொல்றேன்னு நெனச்சேன்ணே. கழுத்துன்னு தெரியாமப் போச்சு."



இன்ஸ்பெக்டரம்மா கோட்டுப் பக்கம் திரும்பினார்.

"ட்ராக்ல பறக்கத்தான் இந்த வண்டின்னு உங்க விளம்பரம் கத்துதே சார்?"

"பறக்கலாம். ஆனா அது அவங்கவங்க பொறுப்பு. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கோம் மேடம்."

"விக்கும்போது தொண்டை கிழியக் கத்தறீங்க. ஆள் செத்தா மட்டும் குரல் கம்மிடுதே?"

கோட்டுக்குச் சுருக்கென்றது.

"வெளிய நிக்கறது என் சொந்தக் கார். இதே மாடல், இதே வீல்! இப்பவே ஒரு ரவுண்டு போய்க் காட்டவா?"

"காட்டுங்களேன்!"

போனார். டயர்கள் கிறீச்சிட்டன. அதே கடைசி வளைவு... அதே வேகம்...

ஒன்றும் ஆகவில்லை! தலையைக் கோதிக்கொண்டே இறங்கினார்.

இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"கான்ஸ்டபிள்... மெக்கானிக்கை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"தங்கச்சி... ஊரு நம்பாட்டிப் போகுது. நீயாவது..."

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சார், உங்க கார் சாவியக் குடுங்க. நாலு வீலையும் கழட்டணும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எ... எதுக்கு மேடம்?"

"உடைஞ்சதையும் உடையாததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கச் சொல்லி ஆய்வுக்கு அனுப்பறேன். உங்களுக்குத்தானே நல்லது?"

"நான் வீட்டுக்குப் போகணுமே!"

"எங்க ஜீப் இருக்கு."

"வேண்டாம்! அதாவது... கம்பெனியக் கேக்காம..."

"என்ன சார் இது? அந்த வேகத்துல போனப்போ வேர்க்கல. வண்டி சும்மா நிக்கும்போது இப்படி வேர்க்குது!"

கான்ஸ்டபிள் ஜாக்கி போட்டார். முதல் சக்கரம் கழன்றது. அதைக் குப்புறக் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டரம்மா.

உள்பக்கத்தில், வார்ப்போடு வார்ப்பாக... வேறொரு கம்பெனியின் முத்திரை!

கம்பெனிப் பெயர் பொறித்த முன்பக்க நடுமூடியை நகத்தால் நெம்பினார். பசை இழுத்துக்கொண்டு வந்தது.

"மூடி மட்டும் உங்களுது... சக்கரம் அடுத்தவனோடதா?"

கோட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீல் சோதனை ஓட்டத்துலயே உடைஞ்சது மேடம்... வித்த வண்டியத் திரும்பக் கூப்பிட்டா மானம் போயிடும்னு மேலிடம் அமுக்கிடுச்சு. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு... அதான் என் கார்ல மட்டும் மாத்திக்கிட்டேன்..."

"எனக்கும்தான்டா இருக்கு!"

தங்கை பாய்ந்தாள். குறுக்கே விழுந்து பிடித்தது அண்ணன்தான். க்ரீஸ் அப்பிய அவன் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அண்ணே... உன்னைப் போயி..."

"விடுடி. நீ மொதல்ல அழுது தீரு."

கான்ஸ்டபிள் கோட்டுக்காரரை ஜீப்பருகே தள்ளிக்கொண்டு போனார். படியில் ஒரு காலை வைத்த கோட்டு, பழக்கதோஷத்தில் குனிந்து ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரம்மா அவர் முதுகில் தட்டினார்.

"தைரியமா ஏறுங்க சார்... இது உங்க கம்பெனி வீல் இல்ல!"