ஹோல்ப் ராணி

பெனாசிருக்கு வகுப்பில் வாய் திறக்கவே பயம். எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

அவளுடைய அத்தா, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த ஒரு பழைய இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா இல்லாத அந்த வீட்டில், அத்தா வரும்வரை புத்தகம்தான் அவளுக்குத் துணை.

அதில் யாராவது உதவினால் 'ஹெல்ப்டு' என்று இருக்காது. 'ஹோல்ப்' என்றுதான் இருக்கும். அதையே வகுப்பிலும் சொல்லித் தொலைத்தாள்.

"அது அந்தக் காலத்து இங்கிலீஷ்ம்மா. இப்ப யாரும் பேசுறதில்ல" என்றார் டீச்சர்.

கார்த்திக்ராஜ் சும்மா இருப்பானா? "ஏலே, ஹோல்ப் ராணிடா!" என்றான். பேர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மதியம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தனியாகச் சாப்பிட்டால் சோறு தொண்டையில் இறங்குமா?

ஒருநாள் சாயங்காலம் மலையில் நல்ல மழை. அத்தாவின் ஜீப் வரவில்லை. பெனாசிர் ஜீப் ஸ்டாண்டில் காத்திருந்தாள். சற்றுத் தள்ளி கார்த்திக்ராஜும் நின்றான். அவன் அம்மாவும் அதே ஜீப்பில்தான் காய் பறிக்கப் போயிருந்தார்.

"மலை மேட்டு ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம். ஜீப்புல போனவுக போனும் எடுக்க மாட்டேங்குறாக" என்றார் டீக்கடைக்காரர்.

பெனாசிர் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தாள். கார்த்திக்ராஜின் உதடு துடித்தது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். 'நல்லா வேணும்' என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. தனியாகக் கிடந்து தவிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

"ஏலே, இங்கன வந்து உக்காரு. கதை படிக்கிறேன்" என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"அந்தப் பழைய இங்கிலீஷா?"

"ஆமா. தமிழ்லயும் சொல்றேன்."

கிணற்றில் விழுந்த ராஜாவை ஒரு கழுதை காப்பாற்றும் கதை அது. 'ஹோல்ப்' வந்த இடத்தில் பெனாசிர் சட்டென்று நிறுத்தினாள். அவன் சிரிக்கவில்லை.

"பெறகு? ராஜா மேல வந்தாரா?" என்றான்.

ராஜா மேலே வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"அத்தா!"

"அம்மா!"

ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் பெனாசிர் வழக்கம்போல ஓரமாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். பக்கத்தில் இன்னொரு டிபன் பாக்ஸ் வந்து உட்கார்ந்தது.

"ராஜாவைக் கெணத்துலயே விட்டுட்டு வந்துட்டமே, பாவம்!" என்றான் கார்த்திக்ராஜ். "புத்தகம் கொண்டாந்தியா?"

பெனாசிர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். அன்று சோறு தொண்டையில் சிக்கவே இல்லை.